டிபெண்ட்ஸ் போட்டாயிற்று, பிறகு பிரேக்ஸ் எதற்கு?

கேள்வி (மார்ச் 3, மாலை): டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் இரண்டு பேக்கேஜ்கள் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள்) என் பொறுப்பில் இருக்கின்றன. ஒன்று கட்டளை வரியில் ஓடும் கன்வெர்ட்டர். இன்னொன்று அதைப் பின்னாலிருந்து கூப்பிடும் வரைகலை முகப்பு. கன்வெர்ட்டர் 2.0இல் ஒரு ஆப்ஷனின் பெயரை அப்ஸ்ட்ரீமில் (அதை எழுதும் மூலக் குழுவில்) மாற்றிவிட்டார்கள். முகப்பு 1.5இல் புதுப் பெயரைப் போட்டு, டிபெண்ட்ஸ் (எது இருந்தால்தான் ஓடும் என்று சொல்லும்) வரியில் கன்வெர்ட்டர் (>= 2.0) என்றும் எழுதிவிட்டேன். இப்போது ஒருவர் வந்து, கன்வெர்ட்டரிலும் பிரேக்ஸ் (எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷனோடு ஒத்துவராது என்று சொல்லும் வரி) போடு என்று பக் (பிழை அறிக்கை) எழுதியிருக்கிறார். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவது வீண் வேலை என்பது என் கட்சி. சரிதானே?

மார்ச் 3, இரவு 9.50

சரியில்லை. அவை ஒரே விஷயமே இல்லை.

முகப்பு 1.5 உங்கள் கையில் இருக்கிறது. பயனரின் வட்டில் இருப்பது 1.4. அந்த 1.4இன் டிபெண்ட்ஸ் வரியில் கன்வெர்ட்டர் (>= 1.0) என்றோ என்னவோதான் இருக்கும். 2.0உம் 1.0ஐ விடப் பெரியதுதானே? அவர் கன்வெர்ட்டரை மட்டும் தனியாக ஏற்றினால், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் ஒரு கேள்வியும் கேட்காது. ஏற்றி முடிந்ததும் முகப்பைத் திறப்பார், பொத்தானை அழுத்துவார், ஒன்றும் நடக்காது.

1.4ஐ வெளியிட்ட நாளில் 2.0 என்ன செய்யப்போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்தாலும், போன வருடம் ஒருவர் கணினியில் இறங்கிய கண்ட்ரோல் தகவலை, அதாவது பேக்கேஜோடு வரும் இந்த வரிகளை, திருத்த வழியில்லை. 1.4ஐப் பற்றி இப்போது ஏதாவது சொல்ல முடிகிற இடத்தில் இருப்பது கன்வெர்ட்டர் 2.0 மட்டும்தான். அது சொல்ல வேண்டியது இது (இரட்டைக் குறி என்றால் அதை விடச் சிறிய வெர்ஷன், -1 என்பது டெபியனின் திருத்த எண்):

பிரேக்ஸ்: முகப்பு (<< 1.5-1)

முகப்பில் நீங்கள் போட்ட டிபெண்ட்ஸ் எதிர்த் திசைக்கானது. புது முகப்பு, பழைய கன்வெர்ட்டர் என்ற ஜோடியை அது தடுக்கும். பழைய முகப்பு, புதுக் கன்வெர்ட்டர் என்ற ஜோடியைத் தடுக்க பிரேக்ஸ் வேண்டும்.

மார்ச் 3, இரவு 10.15

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். << 1.5-1 வேண்டாம். பேக்போர்ட்ஸில் (பழைய வெளியீட்டுக்குப் புது வெர்ஷன்களைத் தரும் களஞ்சியத்தில்) இதே முகப்பு 1.5-1~பிபிஓ12+1 என்று போகும். டில்டே (~) வந்தால் வெர்ஷன் ஒரு படி கீழே இறங்கும். ஆக அது 1.5-1ஐ விடச் சிறியது, சரிசெய்யப்பட்ட முகப்பையும் பிரேக்ஸ் பிடித்துக்கொள்ளும். << 1.5-1~ என்று எழுதினால் தப்பிக்கலாம்.

மார்ச் 3, இரவு 10.40

அதுவும் முழுச் சரி இல்லை. டெபியனுக்கு முன்பே, டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவில் 1.5ஐ ஏற்றினால் அதற்கு 1.5-0உபுண்டு1 என்று எண் வைப்பார்கள். அது 1.5-1~ஐ விடச் சிறியது. அதனால் << 1.5~ என்றே போடுங்கள். 1.5இன் எந்த வடிவமும் மாட்டாது. 1.5~ஆர்சி1 போன்ற முன்னோட்ட வெர்ஷனும் தப்பிவிடும், ஆனால் அதிலும் உங்கள் திருத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் சொல்லுங்கள்.

ஒரு டில்டேவுக்காக மூன்று குறிப்பு எழுதியவன் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 4, காலை 7.20

"அப்படியானால் கான்ஃபிளிக்ட்ஸ் போட்டால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பாதுகாப்பு கூடாது, தொல்லைதான் கூடும்.

கான்ஃபிளிக்ட்ஸ் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் வட்டில் விரிந்து கிடக்கவே கூடாது. புதுக் கன்வெர்ட்டரை விரிக்கும் முன்பு பழைய முகப்பு வெளியேற வேண்டும். பிரேக்ஸ் அவ்வளவு கறார் இல்லை. புதுக் கன்வெர்ட்டரை விரிக்கலாம், பழைய முகப்பின் கோப்புகளும் கொஞ்ச நேரம் கிடக்கலாம், ஆனால் அது "அமைக்கப்பட்டது" என்ற நிலையில் இருக்கக் கூடாது. ஆப்டுக்குக் கீழே இருந்து பேக்கேஜ்களை விரித்து அமைக்கும் டிபிகேஜி அதை அந்த நிலையிலிருந்து இறக்கிவைத்து, புது முகப்பு வந்ததும் மறுபடி அமைக்கும். இப்படி இடம் விட்டால்தான் ஆப்டுக்கு வரிசை போடச் சுலபம். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் ஒரே ஓட்டத்தில் மாறும் ஸ்டேபிள் (டெபியனின் நிலையான வெளியீடு) மேம்பாட்டில் தேவையில்லாத கான்ஃபிளிக்ட்ஸ் நாலைந்து சேர்ந்தால், ஆப்ட் வழி கிடைக்காமல் எதையாவது நீக்கச் சொல்லும். பயனரும் ஆம் என்று அழுத்திவிடுவார்.

கான்ஃபிளிக்ட்ஸுக்கு இடம் வேறு: ஒரே வேலையை இரண்டு பேக்கேஜ்கள் செய்து, ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கவே முடியாது என்னும்போது.

மார்ச் 4, மதியம் 1.05

கோப்பு இடம் மாறினால் பிரேக்ஸோடு ரிப்ளேசஸும் (இன்னொரு பேக்கேஜின் கோப்பின் மேல் எழுத அனுமதிக்கும் வரி) சேர வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். முகப்பில் இருந்த மேன் பக்கத்தை (உதவிக் குறிப்பை) கன்வெர்ட்டருக்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ரிப்ளேசஸ் இல்லாவிட்டால், இன்னொரு பேக்கேஜின் கோப்பின் மேல் எழுதப் பார்க்கிறாய் என்று டிபிகேஜி நடுவழியில் நின்றுவிடும். ரிப்ளேசஸ் மட்டும் போட்டு பிரேக்ஸை விட்டால் சத்தமில்லாமல் போகும், பிறகு கன்வெர்ட்டரை நீக்கும் நாளில் பழைய முகப்பின் கோப்பும் சேர்ந்து காணாமல் போகும். இதில் கத்தாத தவறுதான் மோசம்.

/லிப் போன்ற அடைவுகளை /யூஎஸ்ஆருக்குள் சேர்த்த /யூஎஸ்ஆர் இணைப்பு வேலையில் இதே வகைக் கோப்பு இழப்புதான் பெரிய தலைவலியாக இருந்தது. /லிப் என்பது /யூஎஸ்ஆர்/லிப்புக்கான சுட்டி என்பது டிபிகேஜிக்குத் தெரியாது. ஒரு கோப்பு ஒரே நேரத்தில் பேக்கேஜும் மாறி, /லிப்பிலிருந்து /யூஎஸ்ஆர்/லிப்புக்கும் மாறினால், ரிப்ளேசஸ் போட்டிருந்தும் கோப்பு அழிந்துபோகும். அதனால்தான் புக்வோர்ம் (டெபியன் 12) வெளிவரும் வரை கோப்புகளை அப்படி நகர்த்தவே கூடாது என்று தடை இருந்தது. டிரிக்ஸி (டெபியன் 13) சுற்றில்தான் நகர்த்தி முடித்தார்கள்.

மார்ச் 4, இரவு 11.30

"ஆர்ச்சில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை" என்று சொல்கிறீர்கள். உண்மைதான். அந்த லினக்ஸ் தொகுப்பில் பாதி மேம்பாடு (சிலவற்றை மட்டும் ஏற்றுவது) ஆதரிக்கப்படுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்று, இல்லாவிட்டால் உன் பாடு. பழைய முகப்பு, புதுக் கன்வெர்ட்டர் என்ற ஜோடியே விதிப்படி கிடையாது. அதனால் ஒருங்கிணைப்பு வேலை அங்கே இல்லை என்று ஆகிவிடாது. அது ஸ்டேஜிங் களஞ்சியத்தில் நடக்கிறது. லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் குறிமுறை) மாறினால் அதைச் சார்ந்தவற்றை அங்கே மறுபடி கட்டி, ஒரு மொத்தமாக நகர்த்துகிறார்கள். ஃபெடோரா என்ற இன்னொரு தொகுப்பில் சைட் டேக் என்று தனி அறை போட்டுக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே அப்டேட்டாக விடுகிறார்கள்.

டெபியனில் பாதி மேம்பாடு செல்லும் என்பதுதான் வாக்குறுதி. அதற்குரிய செலவுதான் கண்ட்ரோல் கோப்பில் நாம் எழுதும் இந்த வரிகள்.

மார்ச் 5, காலை 8.10

கன்வெர்ட்டர், முகப்பு கதையிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். லைப்ரரி என்றால் ஆட்டமே வேறு.

லைப்ரரியின் பைனரி இடைமுகம் (கட்டி முடித்த நிரல்கள் அதோடு பேசும் முறை) உடைந்தால் சோநேம் (அந்த இடைமுகத்தின் பெயர்) எண்ணைக் கூட்ட வேண்டும். பேக்கேஜின் பெயரிலும் அந்த எண் இருப்பதால், எண் மாறினால் பேக்கேஜே புதிது. பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். பிரேக்ஸ் தேவைப்படாது. சார்ந்தவற்றை ஒவ்வொன்றாக மறுபடி கட்டி நகர்த்தலாம். மூலத்தில் மாற்றம் இல்லாமல் கட்டினால் வெர்ஷனுக்குப் பின்னால் +பி1 என்று ஒட்டும், பார்த்திருப்பீர்கள்.

சோநேம் மாறாமல் இடைமுகம் மட்டும் மாறினால்தான் வேடிக்கை. 2015இல் ஜிசிசி 5 கம்பைலர் வந்தபோது சி++இன் ஸ்ட்ரிங்கின் (உரையை வைக்கும் வகை) உள் அமைப்பு மாறியது. சி++11 விதிப்படி பழைய அமைப்பு செல்லாது. சி++இன் அடிப்படை லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ தன் சோநேமை மாற்றாமல் இரண்டு அமைப்பையும் உள்ளே வைத்துக்கொண்டது. ஆனால் ஸ்ட்ரிங்கை வெளியே காட்டும் மற்ற லைப்ரரிகள் என்ன செய்யும்? அப்ஸ்ட்ரீமின் சோநேமை நாம் தொடக்கூடாது. அதனால் பேக்கேஜ் பெயரில் வி5 என்று ஒரு வாலை ஒட்டினார்கள். லிப்டேக்1வி5 என்பது அப்படி வந்த பெயர்.

2024இல் அதே வித்தை, பல மடங்கு பெரிதாக. 32 பிட் கணினிகளில் நேரத்தை வைக்கும் எண் 2038 ஜனவரி 19இல் நிரம்பி வழியும். அதை 64 பிட்டாக்கினால், நேரத்தை வெளியே காட்டும் ஒவ்வொரு லைப்ரரியின் இடைமுகமும் மாறும், சோநேம் மாறாது. இந்த முறை வால் டி64. லிப்எஸ்எஸ்எல்3டி64 என்ற பெயரை முதலில் பார்த்தபோது யாரோ விசைப்பலகையில் கை வழுக்கியதாகவே நினைத்தேன். பழையதும் புதியதும் ஒரே பாதையில் ஒரே கோப்பைப் போடுவதால் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. 64 பிட் கணினிகளில் எதுவுமே மாறவில்லை என்பதால் அங்கே புதுப் பேக்கேஜ் தன்னைப் பழைய பெயராலும் அறிவித்துக்கொள்ளும், ப்ரொவைட்ஸ் வழியாக. ஏஆர்எம் 32 பிட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஐ386ஐ (பழைய 32 பிட் இன்டெல் வகை) மட்டும் பழைய நேரத்தோடேயே விட்டுவிட்டார்கள். பழைய பைனரிகளை ஓட்டத்தான் அதை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள் என்பது காரணம்.

இந்த மாற்றம் பாதியில் இருக்கும்போதுதான் மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் மறைத்து வைத்த பின்கதவு வெளிச்சத்துக்கு வந்தது. உபுண்டு 24.04இன் பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரங்களில் அன்ஸ்டேபிளில் (புதியவை முதலில் வந்து சேரும் களஞ்சியத்தில்) ஃபுல் அப்கிரேட் அடித்தால் ஆப்ட் பாதி டெஸ்க்டாப்பை நீக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டது. நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி, ஏப்ரல் முழுக்க ஒன்றும் ஏற்றாமல் இருந்தேன்.

மார்ச் 6, மாலை 6.45

நீங்கள் சோதித்துப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பிரேக்ஸ் போட்ட 2.0ஐ ஏற்றியும் பழைய முகப்பு அப்படியே நிற்கிறது, ஆப்ட் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விசித்திரம். உள்ளூர்க் களஞ்சியத்தின் பட்டியல் பழையதாக இருக்கலாம். ஆப்ட் அப்டேட் அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். இல்லையென்றால் கட்டிய டெப் (பேக்கேஜ்) கோப்பைத் திறந்து, பிரேக்ஸ் வரி உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

மார்ச் 6, இரவு 9.20

வரி உள்ளே இருக்கிறது, பட்டியலும் புதியது என்கிறீர்கள். அப்படியானால் எனக்கும் தெரியவில்லை. வட்டில் இருக்கும் முகப்பின் வெர்ஷனை முழுதாக, டிபிகேஜி காட்டுகிறபடியே அனுப்புங்கள். 1.4 என்று சுருக்க வேண்டாம்.

மார்ச் 6, இரவு 9.55

1:1.4-2.

அந்த 1: தான் ஆள். எபோக், வெர்ஷனுக்கு முன்னால் நின்று முதலில் ஒப்பிடப்படும் எண். எப்போதோ முகப்பின் அப்ஸ்ட்ரீம் வெர்ஷன் எண்ணும் முறையை மாற்றியிருப்பார்கள். தேதியை எண்ணாக வைத்திருந்தவர்கள் 1.0 என்று இறங்கியிருப்பார்கள். உங்களுக்கு முன்பிருந்த பராமரிப்பாளர் எபோக் சேர்த்து அதைச் சமாளித்திருப்பார். எபோக் எழுதாவிட்டால் அது 0 என்று பொருள். << 1.5~ என்றால் 0:1.5~ஐ விடச் சிறியது. 1:1.4-2 அதை விட எப்போதுமே பெரியது. ஆக நம் பிரேக்ஸ் வரி உலகத்தில் எந்த முகப்பையும் பிடிக்காது. கண்ட்ரோல் கோப்பில் அழகுக்கு உட்கார்ந்திருக்கும்.

சரியானது: முகப்பு (<< 1:1.5~)

இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் இதே குழியில் நானும் விழுந்தவன். என் பராமரிப்பில் இருந்த ஒரு சிறிய லைப்ரரியில், தரவுக் கோப்பின் வடிவம் மாறியபோது, அதைப் படிக்கும் ஒரு கருவிக்கு பிரேக்ஸ் போட்டேன். அந்தக் கருவிக்கு எபோக் 2. நான் எழுதவில்லை. எட்டு மாதம் ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலோர் எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றினார்கள். பிறகு ஒருவர் ஸ்டேபிளிலிருந்து அந்த லைப்ரரியை மட்டும் பேக்போர்ட்ஸ் வழியாக எடுத்தார். கருவி பழைய வடிவம் என்று நினைத்துப் புதுக் கோப்பைப் படித்து, அவருடைய அட்டவணையைப் பாதியாக வெட்டிச் சேமித்தது. அவர் பக்கில் திட்டவில்லை. இரண்டு கோப்புகளையும் இணைத்து, வரி எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தார். அந்த இரண்டு எண்களையும் பார்த்த அன்று இரவு நான் தூங்கவில்லை.

மார்ச் 7, காலை 7.00

தூங்கி எழுந்ததும் தோன்றியது. உங்கள் டிபெண்ட்ஸ் வரியையும் பார்த்துவிடுங்கள். கன்வெர்ட்டருக்கு எபோக் இருந்தால் (>= 2.0) என்பது எப்போதுமே உண்மை, அதாவது ஒரு பயனும் இல்லாத வரி.

மார்ச் 7, காலை 10.30

கன்வெர்ட்டருக்கு எபோக் இல்லை என்கிறீர்கள். நல்லது.

டெஸ்டிங்குக்கு (அடுத்த ஸ்டேபிள் உருவாகும் களஞ்சியத்துக்கு) நகர்வது பற்றி. பிரிட்னி என்ற நிரல்தான் அன்ஸ்டேபிளிலிருந்து எது போகலாம் என்று தீர்மானிக்கும். ஏற்றும்போது குறித்த அவசரம் நடுத்தரம் என்றால் ஐந்து நாள் காத்திருப்பு. இப்போது உங்கள் இரண்டு பேக்கேஜ்களும் தனித்தனியாகப் போக முடியாது. கன்வெர்ட்டர் 2.0 மட்டும் போனால் டெஸ்டிங்கில் இருக்கும் முகப்பு 1.4ஐ நிறுவ முடியாமல் ஆகும், அதனால் தடை. முகப்பு 1.5 மட்டும் போனால் அதற்குக் கன்வெர்ட்டர் 2.0 இல்லை, அதுவும் தடை. பிரிட்னி இரண்டையும் ஒரு ஜோடியாக முயன்று பார்க்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, இரண்டையும் ஒரே நாளில் ஏற்றினால் போதும்.

பிரேக்ஸ் இல்லாமல் ஏற்றியிருந்தால்? கன்வெர்ட்டர் ஐந்தாம் நாள் ஜாலியாக உள்ளே போயிருக்கும். முகப்பு 1.5 ஏதோ ஒரு கட்டமைப்பில் (செயலி வகையில்) கட்டத் தவறி வெளியே நின்றிருக்கும். எனக்கு நடந்தது இதுதான்: மூன்று வாரம் ஒரு கட்டமைப்பில் சோதனை தோற்றுக்கொண்டே இருந்தது, அதற்குள் டெஸ்டிங்கில் உடைந்த ஜோடி. ஒரே நாளில் மூன்று பக், மூன்றும் ஒரே தலைப்பு.

ஆட்டோபிகேஜிடெஸ்ட் (நிறுவிய பேக்கேஜைத் தானாக ஓட்டிப் பார்க்கும் சோதனை) வைத்திருந்தால் அது பிடித்திருக்கும் என்பது வேறு கதை. டெஸ்டிங்கின் முகப்பை அன்ஸ்டேபிளின் கன்வெர்ட்டரோடு ஓட்டிப் பார்ப்பார்கள், தோற்றால் கன்வெர்ட்டரைப் போகவிடமாட்டார்கள். முகப்பில் அப்படி ஒரு சோதனை இருக்கிறதா? வரைகலை என்று விட்டிருப்பீர்கள். பொத்தானை அழுத்த வேண்டாம். முகப்பு உருவாக்கும் கட்டளையை எடுத்துக் கன்வெர்ட்டரிடம் கொடுத்து, திரும்பும் மதிப்பு 0 தானா என்று பார்த்தால் போதும்.

மார்ச் 8, இரவு 8.15

மாற்றி யோசித்ததில், நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஆப்ஷனின் பழைய பெயரை ஏன் எடுக்க வேண்டும்?

கன்வெர்ட்டரில் ஒரு சிறிய பேட்ச் (மூலத்தில் திருத்தம்) போட்டு, பழைய பெயரையும் ஏற்றுக்கொண்டு ஓரத்தில் ஒரு எச்சரிக்கை அச்சிடச் செய்யலாம். பத்து வரி இருக்குமா? அடுத்த ஸ்டேபிள் வெளிவந்த பிறகு எடுத்துவிடலாம். ஒரு ஸ்டேபிளிலிருந்து அடுத்ததற்குத்தான் மேம்பாடு ஆதரிக்கப்படுகிறது, இடையில் ஒன்றைத் தாவ முடியாது. அதனால் ஒரு சுற்று தாக்குப்பிடித்தால் போதும். பிரேக்ஸ் வரிக்கும் அதே ஆயுள்தான், அதற்குப் பிறகு அழித்துவிடலாம்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆப்ஷனை முகப்பு மட்டும்தான் கூப்பிடுகிறதா? டெபியன் கோட்சர்ச்சில் (எல்லா பேக்கேஜ்களின் மூலத்திலும் தேடும் தளத்தில்) பழைய பெயரைத் தேடிப் பாருங்கள். டிபெண்ட்ஸைத் தலைகீழாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரெகமெண்ட்ஸ் (பரிந்துரை) வரிகூடப் போடாமல், இருந்தால் கூப்பிடு என்று ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 9, காலை 6.50

தேடினீர்களா, இரண்டு கிடைத்ததா! ஒன்று வேறு மொழியில் எழுதிய ரேப்பர் (கன்வெர்ட்டரை உள்ளே கூப்பிடும் நிரல்), இன்னொன்று ஆவண உருவாக்கத்தின் மேக்ஃபைல் (கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு). மேக்ஃபைல் நிறுவும்போது உடையாது, கட்டும்போது உடையும். பிரேக்ஸ் அதற்கு உதவாது. அந்தப் பராமரிப்பாளருக்கு பேட்சோடு ஒரு பக் எழுதுங்கள், ஏற்றுவதற்கு முன்பே. எக்ஸ்பெரிமெண்டலில் (சோதனைக் களஞ்சியத்தில்) 2.0ஐ வைத்துவிட்டு எழுதினால் அவரால் சோதிக்கவும் முடியும். ரேப்பரை பிரேக்ஸில் சேர்த்துக்கொள்ளலாம், அது சரிசெய்யப்பட்ட வெர்ஷன் எண் தெரிந்த பிறகு.

மார்ச் 9, இரவு 10.05

ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பற்றிக் கேட்டீர்கள். முகப்பு 1.4ஐத் திறந்து வைத்துக்கொண்டே மேம்படுத்தினால், நினைவகத்தில் பழைய முகப்பு, வட்டில் புதுக் கன்வெர்ட்டர். இதற்கு டிபிகேஜியிடம் விடை இல்லை. அதற்குத் தெரிவது வட்டு மட்டும். ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் லிப்சி6 லைப்ரரி மாறும்போது சில சேவைகளை மறுதொடக்கம் செய்யவா என்று கேட்பது இந்தக் காரணத்தால்தான். உங்களுக்கு அந்தப் பத்து வரி பேட்ச் இதையும் சேர்த்துச் சமாளிக்கும், ஓடும் முகப்பு பழைய பெயரைக் கூப்பிட்டாலும் கன்வெர்ட்டர் வேலை செய்யும்.

பேட்ச் போட்டால் பிரேக்ஸே வேண்டாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆம், வேண்டாம். முதல் நாள் உங்கள் கட்சி ஜெயித்த மாதிரிதான் ஆகிறது, காரணம் மட்டும் வேறு.

மார்ச் 11, மதியம் 12.40

ஏற்றிவிட்டீர்கள் என்று பார்த்தேன், பேட்சோடு. முகப்பின் டிபெண்ட்ஸ் அப்படியே இருக்கட்டும், அது இன்னும் தேவை.

ஒரு வேண்டுகோள்: மேலே மார்ச் 3 அன்று நான் எழுதிய மூன்று பிரேக்ஸ் வரிகளில் எதையும் யாரும் நகலெடுத்து ஒட்டாதீர்கள். மூன்றிலும் எபோக் இல்லை.